காலம் கடந்த கூலி



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசப் பலர் உளர். வழக்கறிஞனாகிய நான் ஒரு மூன்றாண்டுக் கணக்கைப் பற்றியே பேச விழைகிறேன்.

நம்மவரான கொத்தனார் ஒருவர் பழைய டைரியுடன் என்னிடம் வந்தார். ஒப்பந்தக்காரர் ஒருவருக்குச் சுற்றுச்சுவர் கட்டிய கூலி பாக்கி. "பில் பாஸாகட்டும்" என்ற வாய்ச்சொல்லை நம்பி நான்கு ஆண்டுகள் நடந்திருக்கிறார். டைரியில் நாளும் அளவும் இருந்தன. கொடுக்க வேண்டியவரின் கையெழுத்து இல்லை. பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள் என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். எதிர்வாதி வாய் திறவாவிடினும், காலம் கடந்த பிராதை நீதிமன்றம் தள்ளியே ஆகவேண்டும். அவரை வெறுங்கையுடன் அனுப்பினேன். அவர் வட்டிக்கு வாங்கி எழுதிக் கொடுத்த புரோநோட்டோ, கெடு முடியுமுன் பின்புறம் பத்து ரூபாய் வரவு எழுதிக் கையொப்பம் பெறப்பட்டு உயிரோடிருந்தது!

இக்காலத்தை நீட்டலாகாதா என்று கேட்பீர்கள். 1908-ஆம் ஆண்டின் பழைய சட்டம் பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு ஆறாண்டு தந்தது, வாய்மொழிக்கு மூன்று. நம் பாட்டன்மார் எந்தக் கூலியைப் பதிவு செய்தார்கள்? இங்கிலாந்தில் இன்றும் பொதுவாக ஆறாண்டு. ஆனால் எல்லாருக்கும் ஆறாண்டாக்கினால், மூன்றாண்டில் மடியும் புரோநோட்டும் ஆறாண்டு நம் வாசலில் நிற்கும். ஆகவே அதை நான் வேண்டேன்.

உரிமை உண்டென அறிந்த நாள்முதல் மூன்றாண்டு எண்ணலாம் என 2001-இல் இங்கிலாந்தின் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. ஆயினும் நம் கொத்தனாருக்கு அதனாலும் பயனில்லை. பாக்கியை அவர் அறிவார், கெடுவைத்தான் அறியார். மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்க 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. மூல வழக்கில் இடமில்லை. கூலி வழக்குக்கேனும் அவ்வதிகாரத்தை நீதிபதிக்குத் தரவேண்டும் என்பதே என் கோரிக்கை. இது நடவாத காரியமன்று. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதமாயிருந்த கெடுவை, 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பு மூன்றாண்டாக்கவில்லையா?

அதுவரை, மூன்றாண்டு முடியுமுன் "இன்ன தொகை பாக்கி" என எழுதி வாங்கிக் கையொப்பம் பெறுங்கள். அந்நாள்முதல் புதிய மூன்றாண்டு தொடங்கும். இளைஞர்கள் தம் வீட்டுப் பெரியவர்களின் கணக்கை இந்த வாரமே பார்க்கட்டும். காலாவதியான கடனையும் எழுதிக் கையொப்பமிட்ட புதிய வாக்குறுதி உயிர்ப்பிக்கும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. எனவே பழைய நோட்டை நீட்டி எவரேனும் மறுநோட்டுக் கேட்டால், கையொப்பமிடுமுன் என்னிடமோ சங்கச் செயலாளரிடமோ கொண்டு வாருங்கள்.