தெருவுக்கு அடியில் ஒரு தெரு
(பைக்காராவில் ஆற்றிய உரை)



இப் பைக்காரா ஆற்று நீரைக் குழாயில் அடைத்து, ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காராவில் வீழ்த்தி, 1932ஆம் ஆண்டில் மின்னாற்றல் ஆக்கினர். அவ்வாற்றல் கோவையின் ஆலைகளை ஓட்டிற்று. கொங்குநாட்டுக் கிணறுகளில் நீர் இறைத்தது. 2005ஆம் ஆண்டில் மலையையே குடைந்து, நிலத்துக்கடியில் 150 மெகாவாட்டு மின்னிலையமும் அமைத்தனர். இத்துணை வல்லமை பெற்ற நாட்டில், நகரத் தெருக்களின் அடிப்பகுதி எந்நிலையில் கிடக்கின்றது?

தெரு என்பது கண்ணுக்குத் தெரியும் கல்லும் தாரும் மட்டும் அன்று. அதன் அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்வடம் ஆகியன ஓடும் இன்னொரு தெரு உண்டு. குடிநீர்க் குழாய் துருவேறி ஓட்டை விழுந்தால், நீரழுத்தம் குறையும் வேளையில் அருகிலுள்ள கழிவு அதனுள் உறிஞ்சப்படும். அந் நீர் முதலில் விழுவது ஏழையின் குடத்தில்!

சென்னையைப் பாருங்கள். பாண்டி பசார் எனப்படும் தியாகராயர் சாலையை அகன்ற நடைபாதையோடு புதுக்கி, 2019 நவம்பரில் திறந்தனர். நடப்பவர்க்கு வழி விட்டது நல்ல செயலே. ஆனால் 2021 நவம்பர் மழையில் தியாகராயநகர்த் தெருக்கள் பல நீரில் மூழ்கின. மாம்பலம் கால்வாய் வழியே வெள்ளம் வடியவில்லை. மேலே பூசிய அழகு, கீழே அடைத்த நீருக்கு விடை சொல்லவில்லை.

நிலத்தடிக் கால் நமக்குப் புதிதன்று. சிலம்பும் மேகலையும் 'சுருங்கை' என்னும் சொல்லை வழங்குகின்றன. கீழடியில் 2019ஆம் ஆண்டு அகழாய்வில், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. சொல்லும் இருந்தது, செயலும் இருந்தது. நாமோ 'பாதாளச் சாக்கடை' என வடசொல்லைச் சுமந்து திரிகின்றோம்.

அதனினும் கொடியது ஒன்று. அக் குழிக்கு 'ஆளிறங்கு குழி' என்று பெயர்! உள்ளே இருப்பது நச்சுவளி. இறங்குவோன் நம் உடன்பிறந்தான். ஒரே சாதியாரைத் தலைமுறை தலைமுறையாக அதில் இறக்கிய குமுகாயம் இது. மாந்தக் கழிவை மாந்தன் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலக்கம் உருபா என 2014இலும், முப்பது இலக்கம் என 2023இலும் உச்ச நயன்மன்றம் ஆணையிட்டது. இழப்பீடு ஏறியது, இறப்பு நின்றதா? மலையைக் குடைந்து மின்னிலையம் அமைக்கத் தெரிந்தவர்க்கு, ஆள் இறங்காத கழிவுக்கால் அமைக்கத் தெரியாதா?

ஆகவே, உங்கள் ஊர்த் தெருவைத் தோண்டும் நாளில் நகராட்சியிடம் மூன்று கேளுங்கள். அடியிலுள்ள பழங்குழாய்களை மாற்றிய பின்தானே மேலே தளம் இடுவீர்கள்? மழைநீர்க்கும் கழிவுநீர்க்கும் தனித்தனி வழி உண்டா? அடைப்பெடுக்கப் பொறி வாங்கியுள்ளீர்களா?

மூன்றுக்கும் எழுத்தில், தமிழில் விடை பெறுங்கள். விடை வரும்வரை வீடு திரும்பாதீர்கள்!