பதினொன்றால் பெருக்கிய கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது பெரிய விஷயமாப் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். எனக்குத் தெரிந்தது பவுண்டரி. அங்கே பெரிய விஷயம் எடைதான். கூடவே கனஅளவும் அடர்த்தியும் வரும். முதலாண்டு ஆய்வகத்தில் பக்கத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்கான தண்டனை பிறகு கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். நம்ம கோயமுத்தூரிலேயே ஒரு சின்ன பவுண்டரி, பெயர் வேண்டாம். ஒரு மோட்டார் அடித்தட்டுக்கு விலை சொல்ல வேண்டும். வரைபடம் கிடையாது, மரப் பேட்டர்ன் மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கியது. எங்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: பேட்டர்ன் எடையை 11ஆல் பெருக்கினால் காஸ்டிங் எடை. தேக்கின் அடர்த்தி சுமார் 0.65, வார்ப்பிரும்புக்கு 7.2. வகுத்துப் பாருங்கள், 11 வரும். பேட்டர்ன் 2 கிலோ இருந்தது. 22 கிலோ என்று போட்டு, 200 பீஸுக்கு, பீஸ் ரேட்டில் கொட்டேஷன் கொடுத்துவிட்டேன்.

முதல் காஸ்டிங்கைத் தராசில் ஏற்றினால் 28 கிலோ! பீஸுக்கு 6 கிலோ வீதம் 1,200 கிலோ இரும்பு யார் தலையில்? முதலாளி திட்டவில்லை. "எப்படிங் தம்பி ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பேட்டர்ன் செய்கிற பெரியவர் வந்தார். சிவப்புப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். "இது தேக்கு இல்லீங் தம்பி, லேசான மரம். தண்ணியில அமுக்கிப் பாத்தீங்களா?"

அன்று அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன். பெரிய வாளியில் முக்கால்வாசி தண்ணீர். வாளியைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தோம். பேட்டர்னைப் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, இரண்டு மெல்லிய கம்பியால் முழுக்க அமுக்கினோம். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. தராசு 4 கிலோ காட்டியது. அப்படியானால் கனஅளவு 4 லிட்டர். 7.2ஆல் பெருக்கினால் 28.8. இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதற்காகப் பேட்டர்னை நீளத்தில் ஒரு சதவீதம் பெரிதாகச் செய்வார்கள். அது கனஅளவில் மூன்று சதவீதம். கழித்தால் 28 கிலோ. வேலை ஐந்து நிமிஷம்.

மூழ்குகிற பொருளென்றால் இன்னும் சுலபம். நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். தராசு எத்தனை கிராம் ஏறுகிறதோ, அத்தனை கனசென்டிமீட்டர். பொருளின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. வீட்டில் அம்மாவின் ஆட்டுக்கல் குழவியை இப்படித் தொங்கவிட்டேன். கிட்டத்தட்ட 2.7 வந்தது, கருங்கல்லுக்குச் சரியான கணக்கு. அம்மா கேட்டது வேறு: "குழவியத் தூக்குலயா போடற?"

கோபி பக்கம் நெல் போட்ட எங்கள் அப்புச்சிக்குத் தராசே தேவைப்படவில்லை. தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மிதந்து 25 காசு அகலம் வெளியே தெரியும் வரை உப்பைக் கரைப்பார். பிறகு விதைநெல்லைக் கொட்டுவார். மிதப்பது பதர், மூழ்குவது விதை. உப்புப் போக இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசுவார். நம்ம வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையும் இதுதான். 25 காசு 2011இல் செல்லாமல் போய்விட்டது, முட்டைக் கணக்கு இன்னும் செல்லுகிறது.

ஒப்புக்கொண்ட விலைக்கே 200 பீஸையும் ஊற்றிக் கொடுத்தோம். பீஸ் ஒவ்வொன்றையும் நானே எடை போட்டேன்; முதலாளி சொல்லவில்லை, நானாகத்தான்.

மேடைக்குப் பின்னால் வாளியும் தராசும் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் தம்பி தங்கைகள் ஆளுக்கொரு பொருள் கொண்டு வாருங்கள். செல்போன் மட்டும் வேண்டாம்.