பிள்ளை பேரில் வரும் பணம்: ஒரு குடும்பக் கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஜூன் 2025 காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், வீட்டு வரவு செலவு பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் பற்றி நான் பேசப்போவதில்லை, பயப்பட வேண்டாம்.

ஜூன் மாதம் நம் தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான மாதம். பள்ளிக்கூடம் திறக்கிறது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையும் திறக்கிறது. நம்மில் பலருக்கு ஒரத்தநாட்டுப் பக்கமோ, பாபநாசம் பக்கமோ, ஊரில் பத்து மாவோ கால் வேலியோ நிலம் இருக்கிறது. குறுவைக்கு உழவு, விதை, நடவுக் கூலி என்று ஒரு பக்கம் பணம் போகும். அதே வாரத்தில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, வேன் வாடகை என்று இன்னொரு பக்கம் போகும். நெல் விற்ற காசு கைக்கு வருவது ஐப்பசியிலும் தை மாசியிலும்தான். அதனால்தான் இந்த மாதத்தில் அடகுக் கடையிலும் வங்கியின் நகைக்கடன் கவுன்டரிலும் கூட்டம் நிற்கும். முப்பது வருடம் அந்தக் கவுன்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவன் நான்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். பிள்ளைகளை முன்னிட்டு ஒரு வீட்டுக்கு வரும் பணம், அரசு தருவதானாலும் வரிச் சலுகையானாலும் அலுவலகப் படியானாலும், ஒரு நாள் மாறும் அல்லது நிற்கும். அந்த நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாதான். போன மாதம் ஒரு பாஸ்புக்கைக் கொண்டு வந்து நீட்டினார். "சார், பாப்பாவுக்கு மாசம் ஆயிரம் வந்துக்கிட்டு இருந்துச்சு. நின்னு போச்சு. என்னன்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்றார். பார்த்தேன். தவறு எதுவும் இல்லை. அவர் மகள் 2022-இல் கல்லூரியில் சேர்ந்து, இந்த ஏப்ரலில் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். படிப்பு முடிந்தது, புதுமைப் பெண் உதவித்தொகையும் முடிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அந்த அம்மா அந்த ஆயிரத்தை நம்பி, போன வருடம் பிப்ரவரியில் இருபத்தைந்து மாதச் சீட்டு ஒன்றில் சேர்ந்திருந்தார். சீட்டை ஏலத்தில் எடுத்து, வீட்டுக் கூரையை மாற்றியும்விட்டார். கூரை நல்ல செலவுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் எட்டு மாதம் கட்ட வேண்டும். தோடு அடகுக்குப் போய்விட்டது. சீட்டில் சேர்ந்த அன்றே, "படிப்பு முடிய இன்னும் பதினைந்து மாதம்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவர் நானாக இருந்திருக்கலாம். அவர் தினமும் வந்து போவது என் வீட்டுக்குத்தான்.

இந்தத் திட்டத்துக்கும் நம் டெல்டாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிற மூவலூரைத் தன் பெயரில் சுமந்தவர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அவர் பெயரில் 1989-இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் தொடங்கியது. முதலில் 5,000 ரூபாய். பிறகு தொகை 25,000 ஆகி, பட்டம் படித்தவர்களுக்கு 50,000 ஆனது. 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது, 2016-இல் அது 8 கிராம் ஆனது. 2022-இல் அந்தத் திட்டத்தையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் விரிவானது.

இந்த மாற்றம் குடும்பக் கணக்கை எப்படித் திருப்பிப் போட்டது பாருங்கள். முன்பு கல்யாணத்தின்போது மொத்தமாக ஒரு தொகை வந்தது. பெற்றோர் அதைக் கல்யாணச் செலவுக் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். இப்போது 18 வயதில் தொடங்கி மாதாமாதம் சிறு தொகையாக வருகிறது, அதுவும் பெண்ணின் கணக்கிலேயே. மூன்று வருடப் படிப்பானால் 36,000, நான்கு வருடமானால் 48,000. பஸ் காசு, புத்தகம், தேர்வுக் கட்டணம் இவற்றுக்கு என்று வந்த பணம் அது. மொத்தத் தொகையைச் செலவு செய்தால் கண்ணுக்குத் தெரியும். மாதம் ஆயிரமாக வருவது அரிசி பருப்பில் கலந்தால் தெரியவே தெரியாது. கலந்த பிறகு நின்றால்தான் வலிக்கும்.

"இதெல்லாம் நமக்கு இல்லையே சார், நம் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள்" என்று சிலர் நினைக்கலாம். நமக்கும் பிள்ளைகள் பேரில் பணம் வந்துகொண்டுதான் இருந்தது, நாம் அதைக் கவனிக்கவில்லை. வருமான வரியில் 80சி பிரிவு தெரியும். இரண்டு பிள்ளைகள் வரை கட்டிய கல்விக் கட்டணத்தை 1,50,000 ரூபாய் வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். செல்வமகள், பி.பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் அதே வரம்புக்குள்தான். 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறைதான் இயல்பான முறை. நாமாகக் கேட்டால்தான் பழைய முறை. புதிய முறையில் 80சி கழிவு கிடையாது.

இதனால் நமக்கு நஷ்டமா? ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுச் சம்பளம் 10 லட்சம். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, 80சி-யில் முழு 1,50,000 போக மீதி 8 லட்சம். அதற்கு வரி, செஸ் சேர்த்து 75,400 ரூபாய். புதிய முறையில் இந்த 2025-26 ஆண்டில் அதே சம்பளத்துக்கு வரி இல்லை. ஆக, மாதம் சுமார் 6,280 ரூபாய் கையில் கூடுதலாக நிற்கிறது. இது லாபம்தான்.

ஆனால் ஒரு இழப்பும் இருக்கிறது. முன்பு மார்ச் மாதம் வந்தால் அலுவலகத்தில் ரசீது கேட்பார்கள். அந்தப் பயத்தில் மகள் பேரில் செல்வமகள் கணக்கிலோ பி.பி.எஃப்.பிலோ பணம் கட்டுவோம். வரிக்காகத்தான் சேமித்தோம், பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டோம். இப்போது ரசீது கேட்பார் இல்லை, கட்டுவதும் நின்றுவிட்டது. அந்த 6,280 ரூபாய் எங்கே போகிறது? பெரும்பாலும் ஸ்விக்கிக்கும் புது போன் தவணைக்கும். நான் குற்றம் சொல்லவில்லை, என் மகன் வீட்டிலும் இதே கதைதான்.

பணம் யார் கையில், எந்த வடிவில் வருகிறது என்பது பெரிய விஷயம். பிரிட்டனில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கான வரிச் சலுகை தந்தையின் சம்பளத்தில் சேர்ந்தது. 1977 முதல் 1979-க்குள் அதைப் படிப்படியாக எடுத்துவிட்டு, தாயின் கையில் ரொக்கமாகத் தரும் உதவித்தொகையாக மாற்றினார்கள். பொருளியலாளர்கள் மூன்று பேர் இந்த மாற்றத்தை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிட்டால், பெண்கள், குழந்தைகளின் உடைச் செலவு கூடியிருந்தது. அங்கும் அது நிலையாக நிற்கவில்லை. 2013 முதல் பெற்றோரில் ஒருவர் ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் அந்தத் தொகையை வரியாகத் திரும்ப வாங்கத் தொடங்கினார்கள். 2024-இல் வரம்பை 60,000 ஆக்கினார்கள். எந்த நாட்டிலும் இந்தப் பணத்தின் விதி மாறிக்கொண்டுதான் இருக்கும்.

நம் குடியிருப்பில் மத்திய அரசு ஊழியர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் குழந்தைகள் கல்விப்படி மாதம் 2,250 ஆக இருந்தது, 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு 2,812 ரூபாய் 50 காசு ஆனது. அதுவும் 12-ஆம் வகுப்போடு சரி. பெரிய செலவான கல்லூரிச் செலவு தொடங்கும் அதே ஜூனில் இந்தப் படி நின்றுவிடும். 11-ஆம் வகுப்பில் பிள்ளை இருக்கும்போதே இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? நான்கு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு நோட்டில் ஒரு பக்கம். பிள்ளையின் பெயரில் வரும் ஒவ்வொரு பணத்துக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: எவ்வளவு, யார் கணக்கில், எந்த மாதம் முடியும். முடியும் மாதம் தெரியாத பணத்தை நம்பிச் சீட்டோ தவணையோ தொடங்காதீர்கள்.

இரண்டாவது, தனிக் கணக்கு. மேலே சொன்ன 6,280-இல் மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டால், அடுத்த ஜூனில் 60,000 ரூபாயும் வட்டியும் தயாராக இருக்கும். நகை வங்கிக்குப் போகாது. மகளுக்குப் பத்து வயது முடியவில்லை என்றால், இன்னொரு 1,000 ரூபாயைச் செல்வமகள் கணக்கில் போடுங்கள். பதினைந்து வருடம் கட்டினால் நாம் போடுவது 1,80,000. இப்போதைய வட்டி 8.2 சதவீதம் அப்படியே நீடித்தால், 21-ஆம் வருட முடிவில் சுமார் ஐந்தரை லட்சம் வரும். அந்த வட்டியும் காலாண்டுக்கு ஒருமுறை பரிசீலனைக்கு வருவதுதான், அதனால் இதை உறுதித் தொகையாக நினைக்க வேண்டாம். 18 வயதுக்குப் பிறகோ 10-ஆம் வகுப்பு தேறிய பிறகோ, படிப்புக்கு என்று இருப்பில் பாதி வரை எடுக்கலாம்.

மூன்றாவது, கெடு தேதி. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992 முதல் இருக்கிறது. வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்தில் ஒரே பெண் குழந்தை என்றால் 50,000, இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 வைப்புத் தொகை. ஆண் வாரிசு இல்லாமல், பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வயது தாண்டினால் அந்த வாய்ப்பு போய்விடும். அதேபோல, ஏற்கெனவே பத்திரம் வைத்திருப்பவர்கள், பெண்ணுக்கு 18 வயது ஆனதும் சமூக நலத்துறை அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். பீரோவில் இருக்கும் பத்திரம் தானாகப் பணமாகி வராது.

நான்காவது, பள்ளி மாற்றம். நம் காவலர், துப்புரவுப் பணியாளர் வீடுகளில் இந்த மாதம் நடக்கும் பேச்சு இதுதான்: "எட்டாவதிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிடலாமா?" போடலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் 6 முதல் 12 வரை என்ற தொடர்ச்சி அறுந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் கிடைக்காமல் போகலாம். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும், அதில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்பதும் இதே தொடர்ச்சியைப் பார்த்துத்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாற்றுவதற்கு முன் இதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடம் ஒருமுறை, மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நம் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுவோம். பாஸ்புக், ஆதார், பள்ளிச் சான்று பார்த்து, எந்தப் பணம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று நம் பணியாளர் குடும்பங்களுக்கு எழுதிக் கொடுப்போம். நான் உட்காரத் தயார். வருமான வரிக் கணக்கு பார்க்கத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் வந்தால் நம் வீட்டுக் கணக்கையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்ன மாட்டார்கள். கோட்டை கட்டித் தனியாக வைப்பார்கள். பிள்ளை பேரில் வரும் பணத்தையும் அப்படி ஒதுக்கி வைத்தால் போதும். அந்த அம்மாவின் தோட்டை மீட்க என்ன செய்யலாம் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் மகள் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் அலுவலகத்தில் இடம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.