ஒரு புள்ளிக்கு இரு முகவரிகள்



தளத்திலுள்ள புள்ளியைக் குறிக்க நமக்கு இரு முறைகள் உள. 1637இல் டெக்கார்ட் வெளியிட்ட வடிவியல் நூலை ஒட்டி வளர்ந்த செவ்வக ஆயமுறை, கிடையாக 3, செங்குத்தாக 4 என்று கூறும். துருவ ஆயமுறையோ, ஆதிப்புள்ளியிலிருந்து தொலைவு 5, கோணம் ஏறத்தாழ 53 பாகை என்று கூறும். 9, 16 என்னும் வர்க்கங்களின் கூடுதல் 25. அதன் வர்க்கமூலமே 5. கோணத்தின் டேன்ஜென்ட் 4/3. நேர்கோட்டிற்கு முன்னதும், ஆதியை மையமாகக் கொண்ட வட்டத்திற்குப் பின்னதும் எளிது.

இங்கே நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். கழித்தல் 3, கழித்தல் 4 என்னும் புள்ளிக்கும், குறிகள் நீங்கி, அதே 4/3 கிடைக்கும். ஆயின் அது மூன்றாம் கால்பகுதியில் உள்ளது. கோணம் 233 பாகை. வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தவர் எதிர்த்திசையில் போய் நிற்பர். ஆதலின் நாம் முதலில் படம் வரைவோம், காரணம் வினவுவோம். விளங்கிப் பெற்ற கல்வியை நம்மிடமிருந்து எவரும் பறித்தல் இயலாது.