வேலை மாறலாம், ஆள் நிலைக்க வேண்டும்

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இங்கே இரண்டு தரப்பினரும் அமர்ந்திருக்கிறீர்கள். சொந்தத் தொழில் நடத்திப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் ஒரு பக்கம். தாங்களோ தங்கள் பிள்ளைகளோ பிறரிடம் உத்தியோகம் பார்ப்பவர்கள் மறு பக்கம். "நல்ல ஆள் நிற்பதே இல்லை" என்பது முன்னவர்களின் குறை. "எத்தனை உழைத்தாலும் நாளைக்கு நிச்சயம் இல்லை" என்பது பின்னவர்களின் குறை. இரண்டும் நிஜம்தான். 2022-ல் நம் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்களில் ஐந்தில் ஒருவர் வேலையை விட்டு வேறிடம் போய்க்கொண்டிருந்தார். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. மூன்றே வருஷத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

இதற்கு வழி தேட நான் ஜாம்ஷெட்பூரைப் பார்க்கிறேன். டாடா இரும்பு ஆலையில் முதல் எஃகு வார்க்கப்பட்டது 1912-ல். அதே வருஷம் அங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் தேசம் முழுவதற்கும் வைத்த வரம்பு வாரத்துக்கு 48 மணி நேரம். பிராவிடண்ட் ஃபண்ட் அங்கே 1920-ல், சட்டத்தில் 1952-ல். லாபத்தில் பங்காக போனஸ் அங்கே 1934-ல், சட்டத்தில் 1965-ல். தொழில்நுட்பம் கற்பிக்க 1921-லேயே தனிப் பள்ளி திறந்தார்கள். சட்டம் கட்டாயப்படுத்திய பிறகு கொடுத்தால் அது வெறும் கடமை. கேட்பதற்கு முன்பே கொடுத்தால்தான் விசுவாசம் பிறக்கும்.

ஆனால் சலுகை மட்டும் போதாது. அதே ஊரில் 1928-ல் ஆட்குறைப்பையும் சம்பளத்தையும் முன்னிட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. சுபாஷ் சந்திர போஸ் தலையிட்டுத்தான் உடன்பாடு ஏற்பட்டது. கையில் கொடுத்தவர்கள் காதும் கொடுக்க வேண்டியிருந்தது. 1956-ல் நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து கூட்டு ஆலோசனைக் குழுக்களை அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டன.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை 1991-க்குப் பின் வந்தது. புதிய இயந்திரங்கள் வந்தன. 70,000-க்கு மேல் இருந்த சிப்பந்திகள் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 40,000-க்கும் கீழே குறைந்தார்கள். முன்கூட்டியே விலக விரும்பியவர்களுக்கு ஓய்வு வயது வரை மாதாமாதம் பணம் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். போகிறவரை எப்படி அனுப்புகிறோம் என்பதை இருக்கிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் அல்லவா? 2021-ல் கொரோனாவில் இறந்த சிப்பந்திகளின் குடும்பங்களுக்கு, அவர்கள் 60 வயதை எட்டியிருக்கக்கூடிய நாள் வரை கடைசிச் சம்பளத்தைத் தருவதாகவும் அந்த நிறுவனம் அறிவித்தது.

"அது பெரிய இடம், எங்களால் ஆகுமா?" என்று தொழில் நடத்துவோர் கேட்கலாம். பணம் அதிகம் தேவைப்படாத மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, புது இயந்திரமோ கம்ப்யூட்டரோ வருமுன் சிப்பந்திகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வதந்தி வழியாகத் தெரிந்தால் முதலில் கிளம்புபவர் உங்களிடம் உள்ள கெட்டிக்காரர்தான். அவருக்குத்தான் வெளியே கதவு திறந்திருக்கிறது.

இரண்டாவது, புது வேலையை வேலை நேரத்திலேயே, உங்கள் செலவில் கற்றுக்கொடுங்கள். கற்றபின் ஓடிவிடுவார் என்ற பயம் வேண்டாம். கற்காதவர் உங்களிடமே தங்கிவிட்டால் அது அதைவிடப் பெரிய நஷ்டம்.

மூன்றாவது, பிரசவத்துக்குப் போன பெண் திரும்பி வர வழி செய்யுங்கள். 2017-ன் திருத்தத்தில் 26 வாரச் சம்பள விடுப்பு வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும். உங்களிடம் 20 பேர்தான் என்றாலும், சில மாதங்களுக்கு நேரத்தைத் தளர்த்திக் கொடுத்தால் பல வருஷ அனுபவம் கைவிட்டுப் போகாது.

உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஜமானர் கற்றுக்கொடுக்க முன்வந்தால் வயதைச் சொல்லி ஒதுங்காதீர்கள். கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இரு தரப்பும் இன்று ஒரே சபையில் உட்கார்ந்திருப்பதே நல்ல ஆரம்பம். கூட்டம் முடிந்து கலைவதற்கு முன் ஒருவரோடொருவர் கொஞ்சம் பேசிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.