வராதவர் ஏன் வரவில்லை?

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி, சுயதொழில் செய்யும் பழைய மாணவிகளுக்காக நடத்தப்பட்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வியாபாரம் பற்றிப் பேச வைத்தியரை ஏன் அழைக்கிறீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "உங்களிடம் ஆட்கள் தேடி வருகிறார்கள்தானே, அந்த இரகசியத்தைச் சொல்லுங்கோ" என்றார். அதில் இரகசியம் ஒன்றுமில்லை. வருத்தம் வந்தால் வரத்தானே வேண்டும்! ஆனால் வர வேண்டியவர் வராமலே இருந்துவிடுவதும் உண்டு. நான் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மகப்பேற்று வைத்தியராக விரும்பியவர். இளம் வயதிலேயே மூட்டுவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயின. கண் வைத்தியத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே சத்திரசிகிச்சை செய்யப் பழகினார். 58 வயதில் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்று, 1976 இல் 11 படுக்கைகளோடு தமது ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஊக்கப் பேச்சாளர்கள் இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

கிராமங்களில் இலவச முகாம் வைத்துக் கண்புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்தார்கள். "வாருங்கள், காசில்லாமல் செய்து விடுகிறோம்" என்றும் சொன்னார்கள். பெரும்பாலானோர் வரவில்லை. நாங்களாக இருந்தால் "சனத்துக்கு அறிவில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர்கள் காரணத்தை விசாரித்தார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. ஆஸ்பத்திரியில் நிற்கும் நாட்களில் சாப்பாட்டுக்கு வழியில்லை. கூட வருபவருக்குக் கூலி போய்விடும். கத்தி என்றால் பயம். எங்கள் கணக்கில் இலவசமாக இருந்தது அந்த முதியவரின் கணக்கில் இலவசமாக இருக்கவில்லை. அதன் பிறகு முகாமிலிருந்தே வாகனத்தில் ஏற்றிச் சென்று, சாப்பாடும் கொடுத்து, சத்திரசிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போனபோது பயமும் குறைந்தது.

சந்தைப்படுத்தல் என்று நான் விளங்கிக்கொண்டது இதைத்தான். விளம்பரம் அதற்குப் பிறகு வருவது.

உங்களில் பலர் வீட்டிலிருந்தே பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள், ஒடியல் மா செய்து விற்கிறீர்கள். விற்பனை குறைந்தவுடன் புதிய லேபல் அடிக்கவும் முகநூலில் படம் போடவும் ஓடுகிறோம். முன்பு வாங்கி இப்போது வாங்காமல் விட்ட ஐந்து பேரிடம் போய்க் கேட்டோமா? ஒருவருக்குப் பொதி பெரிது. இன்னொருவருக்கு இரண்டாம் கிழமையே எண்ணெய் மணத்திருக்கும். வாங்குபவர் முகத்துக்காக "நல்லாயிருக்கு" என்பார். விட்டுப்போனவரிடம்தான் உண்மை இருக்கும்.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். தெரிந்தவர்களிடம் காசு கேட்க எங்களுக்குக் கூச்சம். பெண்பிள்ளைகளை அப்படித்தானே வளர்த்தார்கள். அரவிந்தில் காசு கொடுப்பதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே தீர்மானிக்கிறார். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. காசு கொடுப்பவர்களின் வருமானத்தில்தான் மற்றவர்களின் சிகிச்சை நடக்கிறது. ஆகவே, காசு வாங்க வேண்டிய இடத்தில் கூச்சமில்லாமல் வாங்குகிறார்கள். செலவையும் விடாமல் குறைத்தார்கள். சத்திரசிகிச்சை அறையில் ஒரு வைத்தியருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் வேலை முடியும்போது மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். கண்ணுக்குள் வைக்கும் வில்லை இறக்குமதியில் மிக விலை என்றபடியால், 1992 இல் ஓரோலாப் என்ற நிறுவனத்தை அமைத்துத் தாங்களே மலிவாகச் செய்யத் தொடங்கினார்கள். உங்கள் விலைக் கணக்கில் தேங்காயும் எண்ணெயும் இருக்கும். விடிய நாலு மணிக்கு எழும்பிய உங்கள் கூலி இருக்கிறதா?

இனி, கொஞ்சம் கசப்பான விடயம். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வரும் பெண்கள் சிலரை ஆறுதலாக இருத்தி விசாரித்தால், கடைசியில் கிழமைக் கடன் கட்டும் நாள்தான் காரணமாக இருக்கும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வந்தது என்றால், நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவர்களிடம் மனவுறுதிக்குக் குறைவில்லை. "துணிந்து இறங்குங்கோ" என்று கடன் கொடுக்க வந்தவரும்தான் சொன்னார். சரக்கை யார் வாங்குவார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மெஷின் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். தங்கைமாருக்கு உதவ நினைத்தால் மெஷினை வாங்கிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். முதல் ஆறு மாதம் மாதாமாதம் இத்தனை பொதி வாங்குகிறோம் என்று சொல்லி, சரியான விலையைக் கொடுங்கள். சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுதுங்கள். அவர்களைத் தெரிந்தவர்களில் அதைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

பின்னேரம் தேநீருக்குப் பிறகு நூலகத்தில் இருப்பேன். கணக்குக் கொப்பியோடு வாருங்கோ.