கூலி கேட்காத கரங்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!



நம் கிளியனூரை அடுத்த மரக்காணம் உப்பளங்களில் பெண்கள் வெயிலில் உப்புச் சுமக்கின்றனர். அதற்குக் கூலி உண்டு. வீடு திரும்பியபின் அவர்கள் சுமக்கும் தண்ணீர்க் குடத்திற்கும், மூட்டும் அடுப்பிற்கும், பேணும் பிள்ளைக்கும் முதியவருக்கும் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர்.

அல்லாஹ்வோ இவ்வுழைப்பைக் கணக்கில் கொள்கிறான். மணவிலக்கான தாய் குழந்தைக்குப் பாலூட்டினால், அதற்குரிய கூலியைத் தந்தை கொடுத்திட வேண்டுமென அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பெற்ற பாசத்தைக் காரணம் காட்டி அக்கூலியை மறுக்க இடமில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ‘உதவித் தொகை’ என்னாமல் ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. இதனை இனாம் என்று இகழ்வோர் உளர். அப்பெண்ணும் வரி செலுத்துபவளே! ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் செல்வந்தர் கொடுக்கும் அதே வரியை அவளும் கொடுக்கிறாள்.

ஏழையின் உலைக்கும் செல்வந்தரின் உலைக்கும் ஒரே சுமையாய் விழுந்த உப்பு வரியை எதிர்த்தே 1930இல் இராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினர். 1947இல் அவ்வரி நீங்கியது. ஜகாத்தோ நிஸாபை எட்டாதவரிடம் ஒரு காசும் கேட்பதில்லை, எட்டியவரிடம் 2.5 சதவிகிதம் பெற்று இல்லாதோரிடம் சேர்க்கிறது. வரியில் நீதி என்பது இதுவே.

ஆனால் சகோதரர்களே! எந்த அரசின் தொகையும் அந்த 289 நிமிடங்களைக் குறைத்துவிடாது. அது நம் கைகளில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் குடும்பத்தாரின் பணிகளில் துணை நின்று, தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

இன்று ஜுமுஆ முடிந்து வீடு சென்றதும் உணவு காத்திருக்கும். சமைத்தவர் உண்டாரா, லுஹர் தொழ அவருக்கு அவகாசம் கிடைத்ததா என்று முதலில் கேளுங்கள். உண்ட தட்டை நீங்களே கழுவுங்கள்.

குடும்பத்தாரின் உரிமையை உணர்ந்து நிறைவேற்றுவோராக வல்ல நாயன் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.